பக்கத்து இருக்கையின் கிளட்ச்

நூற்று நாற்பத்தாறு சென்டிமீட்டர். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றின் வாசலில் மாட்டியிருந்த பலகையில் இந்த எண் சிவப்பாக எழுதியிருந்தது. பக்கத்தில், புது உரிமத்தைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துச் சிரிக்கும் ஒரு பெண்ணின் படம். கீழே ஒரு வரி: 'இவரே ஓட்டுகிறார். உங்களுக்கு என்ன தயக்கம்?'

அந்த எண் படத்தில் இருக்கிறவளின் உயரம். வயது நாற்பத்து நான்கு. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். விடிகாலையில் வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களிடம் ரத்தம் எடுத்து வருவது வேலை. ஆளும் சின்னது, செய்வதும் ரத்தம் எடுப்பது என்பதால் 'கொசு' என்று பெயர் வந்துவிட்டது. வைத்தவர் மேட்டுத் தெருவில் மூன்றாம் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். "கொசு வந்தாச்சு, கையை நீட்டு" என்று அவர் தன் மனைவியிடம் சொன்னது ஒரே வாரத்தில் தெருவைத் தாண்டி நிலையம்வரை வந்து சேர்ந்தது. கொசு கோபித்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் மூன்று முறை குத்தியும் கிடைக்காத நரம்பு அவளுக்கு ஒரே குத்தில் கிடைக்கும். அந்தக் கர்வம் இருந்ததால் பெயரைப் பற்றிக் கவலை இல்லை.

பலகையை மாட்டியவன் அவளுடைய சொந்தத் தம்பி. பள்ளியின் முதலாளி, வாத்தியார், குமாஸ்தா எல்லாம் அவனே.

கொசு கார் கற்றுக்கொண்டதற்குக் காரணம் ஆசை இல்லை. நிலையத்தின் வேன் டிரைவர் ஓய்வு பெறப் போகிறார், அவர் இடத்துக்கு ஆள் எடுக்க மாட்டோம், இனி ரத்தம் எடுக்கப் போகிறவர்களே வண்டியை ஓட்டிக்கொண்டு போகவேண்டும் என்று நிலையத்தில் சுற்றறிக்கை வந்தது. ஓட்டத் தெரியாதவர்களுக்குக் கீழ்த்தளத்தில் வேலை. அங்கே குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டவேண்டும். ஜன்னல் கிடையாது. பேச ஆள் கிடையாது. குழாய்கள்தான். பதினோரு வருடம் பழகிய கைகளையும் நரம்புகளையும் விட்டுவிட்டு அங்கே போய் உட்கார அவளுக்கு இஷ்டம் இல்லை.

தம்பியிடம் போனாள். அவன் முகம் மலர்ந்து, "இதுக்கு ஏங்க்கா வெளிய அலையணும், நான் எதுக்கு இருக்கேன்" என்றான்.

முப்பத்திரண்டு வகுப்புகள். பள்ளிக் கார் பழையது. ஓட்டுநர் இருக்கையின் தண்டவாளம் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது, முன்னும் வராது, பின்னும் போகாது. தம்பி அவள் முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை, அடியில் ஒரு தலையணை வைத்தான். அப்போது சாலை தெரிந்தது. கால்தான் சிரமம். கிளட்சை நுனிவிரலால் எட்டி, இடுப்பு நழுவ நழுவ அழுத்தவேண்டியிருந்தது. ஆனால் முக்கால்வாசி அழுத்தியதும் பெடல் இளகும். மிச்ச தூரம் தானாகவே இறங்கிவிடும்.

அவளுக்கு அது விநோதமாகப் படவில்லை. அவள் தொழிலில் அப்படி ஒன்று உண்டு. காற்றை உறிஞ்சி எடுத்து மூடிய குழாயை ஊசியின் மறுமுனையில் செருகினால் போதும், குழாய் தானே ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். ஓரளவுக்கு நாம், அப்புறம் அதுவே. கிளட்சும் அந்த ஜாதி என்று நினைத்துக்கொண்டாள். தம்பியிடம் ஒருமுறை கேட்டாள். "ஆமாக்கா, கடைசியில தானா இறங்கும்" என்றான். முப்பத்திரண்டு வகுப்பிலும் அவன் அதிகம் சொன்னது இன்னொன்று: "ரோட்டைப் பாருக்கா, காலைப் பாக்காத."

தேர்வு நாளன்று அதிகாரி பின்னிருக்கையில் உட்கார்ந்தார். பள்ளிக் காரில் தேர்வு நடந்தால் பள்ளி வாத்தியார் பக்கத்து இருக்கையில் இருப்பது அங்கே வழக்கம். அதிகாரி சரிவில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். ஒரு விரல்கூடப் பின்னால் நகராமல் எடுத்தாள். முதல் முயற்சியிலேயே உரிமம். படம் எடுத்தது அன்றுதான்.

அதற்கு மூன்று வாரம் கழித்து நிலையம் அவளிடம் ஒரு சின்ன வெள்ளைக் காரின் சாவியைக் கொடுத்தது. ஒன்பது நாள் பழகிக்கொள்ளலாம். பத்தாவது நாள் போக்குவரத்து மேற்பார்வையாளர் மேட்டுத் தெருவில் வைத்துப் பார்ப்பார். பெட்டியில் இருபத்து நான்கு குழாய்களில் சாயத் தண்ணீர் வைத்து ஓட்டச் சொல்வார். வண்டி உதறினால் ரத்தம் குலுங்கும், குலுங்கினால் சிவப்பணு உடையும், மாதிரி வீண். நோயாளியை மறுபடி குத்தவேண்டும். அதனால் அவர் சாலை விதிகளைவிடக் குழாய்களைத்தான் பார்ப்பார்.

கொசு தம்பியின் பள்ளியிலிருந்து அந்த மூன்று தலையணைகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். புதுக் காரின் இருக்கை நகரும். ஆனால் பள்ளிக் காரில் இருந்த இடத்துக்கே, பின்னால் தள்ளி வைத்தாள். பழகிய இடம் அதுதானே.

முதல் நாள் மேட்டுத் தெருவில் வண்டி பதினோரு முறை அணைந்து நின்றது. கியர் மாற்றும்போது இரும்பை அரத்தால் தேய்க்கும் சத்தம். கணக்கு வாத்தியார் வாசலுக்கு வந்து, "என்னம்மா கொசு, இன்னிக்கு ரீங்காரம் பலமா இருக்கு" என்றார். இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் நிலையத்தின் புகார் ஏட்டில் தெளிவான கையெழுத்தில் எழுதிவிட்டுப் போனாள்: 'கிளட்ச் கோளாறு. கடைசியில் தானாக இறங்குவதில்லை.'

மேற்பார்வையாளர் அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, வண்டியை வழக்கமான மெக்கானிக்கிடம் காட்டச் சொன்னார்.

மெக்கானிக்கை எல்லோரும் 'ஏணி' என்பார்கள். முப்பது வயது இருக்கும். வண்டிக்கு அடியிலிருந்து அவன் வெளியே வருவதைப் பார்க்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும், கால் வந்து முடிந்து உடம்பு வர அவ்வளவு நேரம் ஆகும். முதல் கியரில் ஆரம்பித்து நான்காவதுவரை ஓட்டிப் பார்த்தான். கிளட்சில் ஒன்றுமில்லை, வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்றான். பிறகு அவளை உட்காரச் சொல்லி, குனிந்து டார்ச் அடித்தான்.

"முழுசா அழுத்துங்க மேடம்."

"அழுத்திட்டேன்."

"இல்லையே, இன்னும் நாலு விரல் இருக்கு."

"அது தானா இறங்கும்ல?"

ஏணி டார்ச்சை அணைத்தான். எந்தப் பள்ளியில் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டான். சொன்னாள். அவன் கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அந்த வண்டிக்கு வாத்தியார் பக்கத்துப் பெடலை மாட்டிக் கொடுத்ததே தான்தான் என்றான்.

பட்டறையின் மூலையில் வேறொரு பள்ளியின் கார் பழுதுக்கு வந்து நின்றது. அதில் அவளை உட்கார வைத்தான். தான் பக்கத்து இருக்கையில், முழங்கால் முகவாயில் இடிக்க மடங்கி உட்கார்ந்தான். அழுத்தச் சொன்னான். முக்கால்வாசியில் பெடல் இளகி, மிச்சம் தானாக இறங்கியது.

"இதானே?"

"இதேதான்."

"இப்ப காலை எடுங்க. ரோட்டைப் பாக்க வேணாம். கீழ பாருங்க."

காலை எடுத்தாள். ஏணி தன் பக்கத்துப் பெடலை மிதித்தான். அவள் பக்கத்துப் பெடல், மேலே கால் எதுவும் இல்லாமல், மெதுவாகத் தரைவரை போய்த் தொட்டது. அவன் காலை எடுத்ததும் மேலே வந்தது.

கொசு அதை இன்னொரு முறை செய்யச் சொன்னாள். செய்தான். மூன்றாவது முறை அவள் கேட்கவில்லை.

தம்பியின் பள்ளிக்கு பஸ்ஸில் போனாள். வாசலில் அவளே சிரித்துக்கொண்டிருந்தாள், சிவப்பு எண்ணோடு. உள்ளே தம்பி விண்ணப்பங்களில் முத்திரை குத்திக்கொண்டிருந்தான். அவள் சுற்றி வளைக்கவில்லை, நேராகவே கேட்டாள். அவனும் மறுக்கவில்லை. இதுக்குத்தானா, என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன் என்கிற மாதிரி நாற்காலியில் சாய்ந்தான்.

"உனக்கு எட்டலக்கா. எட்டலன்னு சொன்னா நீ தாங்குவியா? எத்தனை ஆசையா வந்த."

"எட்டுற மாதிரி சீட்டை நகத்தியிருக்கலாமேடா."

தண்டவாளத்தை மாற்றவேண்டுமானால் வண்டியை நான்கு நாள் நிறுத்தவேண்டும், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள், எப்படி முடியும் என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறு வழியாக வந்தான்.

"எனக்கு சைக்கிள் சொல்லிக் குடுத்தியே, ஞாபகம் இருக்கா? பிடிச்சிருக்கேன் பிடிச்சிருக்கேன்னு கத்திக்கிட்டே விட்டுட்ட. நான் விட்டுட்டேன்னு சொல்லிட்டுப் பிடிச்சுக்கிட்டேன். அவ்வளவுதானேக்கா?"

"நீ விழுந்தா உன் முட்டி உடையும். நான் வண்டியில தப்பு விட்டா எதிர்ல வர்றவன் சாவான்."

அவன் அடுத்த விண்ணப்பத்தை இழுத்து முத்திரை குத்தினான். "மாமாவுக்கும் தெரியும். அவரே ஒண்ணும் சொல்லல."

மாமா என்றால் கொசுவின் கணவர். கண்ணாடிக் கடையில், ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து எந்த எழுத்து தெரிகிறது என்று கேட்பவர். மூன்று ஞாயிற்றுக்கிழமை துணைக்கென்று பின்னிருக்கையில் வந்திருக்கிறார். நடுவில் உட்கார்ந்து பார்த்தால் தம்பியின் கால் நன்றாகவே தெரியும்.

பலகையைக் கழற்றச் சொன்னாள். அதைப் பார்த்துத்தான் இந்த மாதம் மூன்று பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள், மூவரும் உன் உயரம்தான், அவர்கள் மனசை ஏன் உடைக்கவேண்டும், பார்க்கலாம் என்றான்.

வீட்டில் கணவர் மறைக்கவில்லை. பார்த்தேன் என்றார். நீ சந்தோஷமா இருந்தாய், எதற்குக் கெடுக்கவேண்டும் என்று விட்டுவிட்டேன் என்றார். மேட்டுத் தெருவில் பின்னால் ஸ்கூட்டர் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

மறுநாள் உரிமம் வழங்கும் அலுவலகத்துக்குப் போய், எனக்கு மறுபடி தேர்வு வையுங்கள் என்று கேட்டாள். ஜன்னலுக்கு அப்பால் இருந்தவர் அவள் உரிமத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஃபெயில் ஆனவர்களுக்கு மறுதேர்வுக்குப் படிவம் இருக்கிறது, பாஸ் ஆனவர்களுக்கு இல்லை என்றார். பின்னால் வரிசையில் நின்றவர் சிரித்தார்.

மேற்பார்வையாளர் பார்ப்பதற்கு இனி ஐந்து நாள். வேலை முடிந்து மூன்று மணிக்கு அவள் ஏணியின் பட்டறைக்குப் போனாள். ஏணிக்கு இந்த விஷயத்தில் ஒரு சொந்தக் கதை இருந்தது. எந்தக் காரில் உட்கார்ந்தாலும் தலை கூரையில் இடிக்கும், முழங்கால் ஸ்டியரிங்கில் மாட்டும். தனக்காக இருக்கையை இறக்கி இறக்கிப் பார்த்தே அவன் அந்த வித்தையைக் கற்றிருந்தான். "உங்களுக்கு அதையே தலைகீழாச் செய்யணும் மேடம், அவ்வளவுதான்."

முதல் வேலையாக முதுகுத் தலையணை இரண்டையும் தூக்கிப் பின்னால் போட்டான். முட்டுக் கொடுத்த மாதிரி இருந்தாலும் அழுத்தும்போது அமுங்கும், உடம்பு பின்னால் போகும், கால் பெடலை விட்டு நழுவும் என்றான். பிறகு காலிலிருந்து தொடங்கினான். கிளட்சைத் தரைவரை மிதித்த பிறகும் முழங்காலில் கொஞ்சம் மடிப்பு மிச்சம் இருக்கவேண்டும். அதுவரை இருக்கையை முன்னால் தள்ளு. தள்ளினால் நெஞ்சு ஸ்டியரிங்குக்குக் கிட்டே வரும். நெஞ்சுக்கும் அதற்கும் ஒரு சாணுக்கு மேலேயே இடம் வேண்டும், மோதினால் உள்ளேயிருந்து காற்றுப்பை வெடித்து வருமே. அதனால் சாய்வை ஒரு பல் பின்னால் விடு, ஸ்டியரிங்கைக் கீழே இறக்கு. கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படியவேண்டும், தோள் சாய்வை விட்டு எழக்கூடாது.

இவ்வளவும் செய்தபின் சாலை தெரியவில்லை. அடியில் கெட்டியான ரப்பர் நுரையை ஆப்பு மாதிரி வெட்டி, நழுவாமல் பட்டை போட்டுக் கட்டினான். ஆள் உயர்ந்ததும் கால் மறுபடி தூரமாகிவிட்டது. அவள் சிரித்தேவிட்டாள், மூன்று நாளில் முதல் தடவை. ஏணி கிளட்ச் பெடலின் மேல் மூன்று சென்டிமீட்டர் கனத்தில் ஒரு அலுமினியக் கட்டையைப் போல்ட் போட்டு முறுக்கினான். செருப்பின் அடி தடிமனாக இருக்கிறது, மெல்லிசான ஷூ போட்டுக்கொண்டு வரச் சொன்னான். கண்ணாடிகளைக் கடைசியில்தான் திருப்பினான்.

அன்று கொசு முதல்முறையாகக் கிளட்சைத் தானே தரைவரை மிதித்தாள். கனமாக இருந்தது. இத்தனை கனம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. முப்பத்திரண்டு வகுப்பிலும் இந்தக் கனத்தைச் சுமந்த கால் யாருடையது என்பது ஒவ்வொரு மிதிக்கும் நினைவுக்கு வந்தது. சரிவில் எடுத்தது, வளைவில் திரும்பியது, அதிகாரி தலையாட்டியது, வீட்டுக்குப் போன் செய்து சொன்னது. எதில் தன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. நரம்பு கிடைத்தது என்று நினைத்துக் குத்திக்கொண்டே இருந்துவிட்டு, ரத்தம் வேறு யாருடையதோ என்று தெரிந்த மாதிரி இருந்தது. அந்த ஐந்தில் கடைசி நாள் மாலை, மேட்டுத் தெருவில் வண்டி ஒரு முறைகூட நிற்கவில்லை.

பத்தாம் நாள் காலை மேற்பார்வையாளர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். முன்னால் பக்கத்து இருக்கையில் தம்பி. கற்றுக்கொடுத்தவரும் கூடவே வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்று நிலையத்தில் விதி. ஒரு மாதத்துக்கு முன்பே படிவத்தில் அவன் பெயரை எழுதியவள் அவள்தான். அந்தப் பேச்சுக்குப் பிறகு அக்காவும் தம்பியும் பார்த்துக்கொள்வது இப்போதுதான். அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தான்.

கணக்கு வாத்தியார் வீட்டெதிரில், ஏற்றம் அதிகமான இடத்தில், நிறுத்தி எடுக்கச் சொன்னார் மேற்பார்வையாளர். கொசு நிறுத்தினாள். கைப்பிரேக்கை இழுத்தாள். கிளட்சைத் தரைவரை மிதித்து முதல் கியர் போட்டாள். காலை மெல்ல விட்டபோது வண்டியின் மூக்கு லேசாக எழுந்தது. அந்த நேரத்தில் பக்கத்தில் ஏதோ அசைந்ததால் ஓரக்கண்ணில் பார்த்தாள். தம்பியின் இடது கால், பெடல் இல்லாத இடத்தில் வெறும் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது.

"அங்க ஒண்ணும் இல்லடா" என்றாள், மெதுவாக.

அவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். வண்டி மேலே ஏறியது. இருபத்து நான்கு குழாய்களில் ஒன்றுகூட ஒன்றோடொன்று இடிக்கவில்லை. இரண்டாம் முறையும் எடுக்கச் சொன்னார், மூன்றாம் முறையும். அதன்பின் பெட்டியை மூடினார்.

கீழே இறங்கியதும் தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கி, நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள், இந்தக் காலத்தில் யார் இவ்வளவு பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள் என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு, எங்க அக்காவாச்சே சார் என்றான். படிவத்தில் கையெழுத்துப் போட்டான். பேனாவை மூடும்போது அக்காவைப் பார்த்தான். அவள் அலுமினியக் கட்டையின் போல்ட்டைக் குனிந்து தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பலகை இறங்கவில்லை. வேலைக்குப் போகும் வழியில் அதைத் தாண்டித்தான் போகவேண்டும்.

அந்த மூன்று பெண்களில் ஒருத்தியைக் கொசுவுக்குத் தெரியும். மேட்டுத் தெரு ஐந்தாம் வீட்டு மருமகள், அவள் மாமனாருக்கு மாதம் ஒருமுறை ரத்தம் எடுப்பது இவள்தான். அன்று மத்தியானம் கொசு அவளுக்குப் போன் செய்தாள். வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்டாள். நன்றாகப் போகிறது, முதுகுக்கு இரண்டு தலையணை, அடியில் ஒன்று, மாஸ்டர் தங்கமானவர் என்றாள் மருமகள்.

"கிளட்ச்?"

"கொஞ்சம் தூரம்தாங்க்கா. ஆனா கடைசியில தானா இறங்கிடுதே. மாஸ்டர்கூடச் சொன்னாரு, அது அப்படித்தான்னு. ஏன் கேக்கறீங்க?"

எட்டலன்னு சொன்னா நீ தாங்குவியா என்று தம்பி கேட்டது, அக்கா என்பதால் மட்டும் கேட்டது என்று இதுவரை கொசு மனதின் ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தாள்.

மற்ற இருவருடைய நம்பரையும் மருமகளிடம் வாங்கிக்கொண்டாள். வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மூன்று பேரும் ஏணியின் பட்டறைக்கு வருகிறார்கள். தம்பியிடம் யாரும் சொல்லவில்லை.